எதற்குப் பதிலாக எது

குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கியது. பெரிபெரி நோயை ஆராய்வது அதன் வேலை. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணியில் அதிகாரி. அந்த ஓர் அறைதான் பிறகு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று அரசு சார்பில் வழிகாட்டி எழுதுவது இன்றைக்கும் அந்த நிறுவனம்தான்.

1920-களில் மெக்காரிசன் குன்னூரில் செய்த ஒரு சோதனை இப்போது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எலியின் தீனியிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு, அதனால் என்ன கெடுகிறது என்று பார்ப்பார்கள். மெக்காரிசனும் அப்படி நிறையச் செய்தவர்தான். இந்தச் சோதனையில் மட்டும் வேறு வழியில் போனார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை முழுசாகப் போட்டார். சீக்கியர் சாப்பாடு என்றால் தவிட்டோடு அரைத்த கோதுமையில் சுட்ட ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய், பழம், எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. அடுத்து பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி என்று வரிசை. சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் எல்லாவற்றையும்விட நன்றாக வளர்ந்தன. வங்காளி, மதராசிச் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. மதராசித் தட்டில் தீட்டிய அரிசிதான் பெரும்பங்கு; பால் பெயருக்குக் கொஞ்சம்.

வெள்ளைக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ஏழைகள் சாப்பிட்டதை இன்னொரு கூட்டத்துக்குப் போட்டார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், டப்பா இறைச்சி, வெந்து குழைந்த காய்கறி, பால் கொஞ்சமே விட்ட சர்க்கரைத் தேநீர். அந்த எலிகள் குட்டையாகிப்போயின, பராமரிப்பவர்களைக் கடித்தன, இரண்டு மாதம் போனதும் தங்களில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936-இல் லண்டனில் ஆற்றிய காண்டர் சொற்பொழிவுகளில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

இந்த முடிவுகளை அப்படியே விழுங்கக் கூடாது. எந்த இனத்தார் வீரர்கள், எந்த இனத்தார் பலவீனர்கள் என்று பட்டியல் போட்ட பேரரசின் கண்ணாடி வழியாகத்தான் மெக்காரிசனும் பார்த்தார். அந்தப் பட்டியலுக்கு அவருடைய எலிகள் வசதியான சான்றாகிவிட்டன. மேலும், வளரும் எலியின் எடையை வைத்து வளர்ந்து முடிந்த மனிதரின் உடல்நலத்தை அளக்க முடியாது. ஐம்பது வயதுக்காரர் யாரும் மேற்கொண்டு வளர வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் கொஞ்சம் சுருங்கினால் தேவலை. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அவர் சோதித்தது ஒரு சத்தை அல்ல, ஒரு சமையலறையை. எது எதோடு சேர்ந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு முழு உணவு முறையை. ஊட்டச்சத்து இயல் இந்த இடத்துக்குத் திரும்பி வர ஏறக்குறைய எழுபது ஆண்டு ஆனது.

அந்த எழுபது ஆண்டுகளை வீண் என்று சொல்லிவிட முடியாது. தனித்தனிச் சத்துகளைத் தேடிப் போனவர்கள்தான் பெரிபெரியையும் ஸ்கர்வியையும் பெல்லாக்ராவையும் ஒழித்தார்கள். பெரிபெரியின் கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது. அரிசி ஆலைகள் வந்து நெல்லை வெள்ளை வெளேரென்று தீட்டத் தொடங்கியபோது, தயமின் என்ற பி வைட்டமின் தவிட்டோடு போய்விட்டது. ஆனால் அரிசி தின்ற எல்லா ஊரிலும் பெரிபெரி வரவில்லை. சென்னை மாகாணத்தில் அது முக்கியமாக வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களைத்தான் பிடித்தது. அங்கே பச்சரிசி வழக்கம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துத் தீட்டும் புழுங்கல் அரிசிக்காரர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. மெக்காரிசனுக்குப் பின் குன்னூருக்குப் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு இதை விரிவாக ஆராய்ந்தார்.

ஒரு சத்து குறைந்தால் ஒரு நோய். அந்தச் சத்தைக் கொடுத்தால் நோய் தீரும். இந்தச் சூத்திரம் இவ்வளவு அழகாக வேலை செய்ததால், எல்லா நோய்க்கும் இதையே நீட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. மாரடைப்புக்கும் புற்றுநோய்க்கும்கூட ஏதோ ஒரு சத்து குறைவாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு மாத்திரையில் காரியம் முடிந்துவிடும்.

அந்த ஆசைக்கு அடி விழுந்தது பின்லாந்தில். காய்களையும் பழங்களையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தது. கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் நிறம் கொடுக்கும் பொருள் அது. அப்படியானால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கலாமே? 29,133 ஆண்கள், எல்லாரும் புகைப்பவர்கள், 50 முதல் 69 வயதுக்காரர்கள், ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை மாத்திரை சாப்பிட்டார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரியான இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும், 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள்.

கேரட் கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கேரட் சாப்பிடுகிறவரின் தட்டில் கேரட்டோடு நார்ச்சத்தும் பொட்டாசியமும் நூற்றுக்கணக்கான வேறு தாவரப் பொருள்களும் இருந்தன. கேரட் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று இல்லாமலும் இருந்தது. பீட்டா கரோட்டின் அந்தத் தட்டின் அடையாளச் சீட்டு மட்டுமே. ஆய்வாளர்கள் சீட்டைக் கிழித்தெடுத்து மாத்திரையாக்கிவிட்டார்கள்.

ரத்த அழுத்த ஆய்வாளர்களுக்கும் இதே ஏமாற்றம் இருந்தது. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் என்று ஒவ்வொன்றாக மாத்திரையில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் சிறியது, ஓர் ஆய்வில் தெரிந்தது அடுத்ததில் தெரியவில்லை. அதே சமயம் காய், பழம், தானியம் அதிகம் சாப்பிடும் சைவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவு என்பது உறுதியாகத் தெரிந்தது. 1990-களில் அமெரிக்காவின் நான்கு மையங்கள் சேர்ந்து வேறுவிதமாக ஒரு சோதனை நடத்தின. டாஷ் என்று பெயர்.

இந்தச் சோதனையை நான் விரும்புவதற்கு முதல் காரணம், அவர்களே சமைத்துப் போட்டார்கள் என்பது. உணவு ஆய்வுகளின் தீராத நோய், சாப்பிட்டதைச் சாப்பிட்டவரிடமே கேட்டு எழுதுவது. போன மாதம் எத்தனை முறை அவரைக்காய் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்? டாஷில் அந்தத் தொல்லை இல்லை. 459 பெரியவர்கள். முதல் மூன்று வாரம் எல்லாருக்கும் சராசரி அமெரிக்கச் சாப்பாடு. பிறகு எட்டு வாரம் மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு அதே அமெரிக்கச் சாப்பாடு தொடர்ந்தது. இரண்டாவது பிரிவுக்குக் காய்களும் பழங்களும் கூடின. மூன்றாவது பிரிவுக்கு அவற்றோடு கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் வந்தன. மொத்தக் கொழுப்பும், குறிப்பாக நிறைவுற்ற கொழுப்பும் குறைந்தன. மூன்று பிரிவுக்கும் உப்பு ஒரே அளவு. யாருக்கும் எடை கூடவோ குறையவோ விடவில்லை. எடை நகர்ந்தால் சாப்பாட்டின் அளவை மாற்றிச் சரிசெய்தார்கள்.

1997-இல் வெளியான முடிவு இது. முதல் பிரிவோடு ஒப்பிட்டால், காய்கறிப் பிரிவுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 2.8 புள்ளி குறைந்தது. மூன்றாவது பிரிவுக்கு 5.5 புள்ளி. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 11.4 புள்ளி, ஒரு ரத்த அழுத்த மாத்திரை குறைக்கும் அளவுக்கு அது சமம். இறக்கம் இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. உப்பைத் தொடவில்லை, எடை குறையவில்லை, மருந்து இல்லை. பிறகு 2001-இல் உப்பையும் சேர்த்துக் குறைத்துப் பார்த்தார்கள், இன்னும் இறங்கியது.

இதில் எந்தப் பொருள் வேலை செய்தது என்று டாஷால் சொல்ல முடியாது. பொட்டாசியமா, கால்சியமா, நாரா, குறைந்த கொழுப்பா? சேர்த்துக் கொடுத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. சாப்பிட உட்காருகிறவர் பிரித்துச் சாப்பிடுவதில்லை.

ஆனாலும் முழு உணவு முறை ஏன் தனிச் சத்தைவிடப் பலமாக வேலை செய்கிறது என்பதற்குக் காரணங்கள் தெரியும். முதலாவதும் முக்கியமானதும் வயிறு அளவானது என்பது. எடை கூடாமலும் குறையாமலும் இருக்கிற ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் மொத்த ஆற்றல் ஏறக்குறைய மாறாது. ஆகவே ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று வந்து உட்காரும். இது நல்லதா கெட்டதா என்று எந்த உணவைப் பற்றிக் கேட்டாலும், எதற்குப் பதிலாக என்ற எதிர்க்கேள்வியைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

கொழுப்பின் கதையில் இது பளிச்சென்று தெரிந்தது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களில் இருக்கும் பல்நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது, மாரடைப்பு ஆபத்தும் குறைகிறது. அதே இடத்தில் வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் வந்தால் இதயத்துக்கு லாபம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து எட்டு ஆண்டு நடந்த பெரிய சோதனையில், மொத்தக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்த பிரிவுக்கு இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2006-இல் முடிவு வந்தது. கொழுப்பு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று பத்திரிகைகள் குதித்தன. ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூட்டிக் கொடுத்த பிரெடிமெட் சோதனை பின்னாளில் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: கொழுப்பு கூடிய சாப்பாட்டிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணங்கள் சேர்ந்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. ஆட்களைப் பிரித்த முறையில் கோளாறு தெரிந்ததால் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018-இல் கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டார்கள். எண்கள் பெரிதாக மாறவில்லை.

இரண்டாவது காரணம், உணவுகள் குடலுக்குள் ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றன, ஒன்றுக்கொன்று உதவியும் செய்கின்றன. இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு உடலுக்குள் ஏறுவது கடினம். வைட்டமின் சி கூட இருந்தால் ஏறும். தேநீரிலும் காபியிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் கூட இருந்தால் ஏறாது. 1983-இல் வெளியான ஒரு சோதனையில், சாப்பாட்டோடு குடித்த ஒரு கோப்பைக் காபி இரும்பு உறிஞ்சுவதை 39 சதவீதம் குறைத்தது. தேநீர் 64 சதவீதம் குறைத்தது. சுவாரசியம் அடுத்ததில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தத் தீங்கும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. முருங்கைக் கீரையில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று அட்டவணை பார்ப்பவர், கீரையில் எலுமிச்சை பிழிந்தாரா, டிபன் முடிந்த கையோடு டம்ளரை எடுத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். அட்டவணையில் அது இல்லை.

இந்த விஷயத்தில் நம் பழைய சமையல் பல இடங்களில் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது நிறைய. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்த மாவு புளிக்கும்போது தாதுக்களைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறைகிறது. கீரையின் கரோட்டின் கொழுப்பில் கரைவது. தேங்காயும் தாளித்த எண்ணெயும் இல்லாத கீரையில் அதன் பெரும்பங்கு வீண். ஆனால் முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று இதை வைத்து மேடையேறுகிறவர்கள், அதே முன்னோரின் தட்டில் அரிசி மலையாகவும் குழம்பு ஓடையாகவும் இருந்ததையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம் வேகம். 2019-இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் தின்றார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. சத்துக் கணக்கு ஒன்றாக இருந்தும் சாப்பிட்ட அளவு ஒன்றாக இல்லை.

இதெல்லாம் பெரியவர்கள் உடம்பில் தெரியாமல் நடப்பதுதான் சிக்கல். குழந்தைக்குச் சத்து குறைந்தால் வளர்ச்சி நின்று காட்டிக்கொடுத்துவிடும். வளர்ந்தவர் உடம்பு சேமிப்பை எடுத்துச் சமாளிக்கும். கால்சியம் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இரும்பு முதலில் இருப்பிலிருந்து கரையும். ஹீமோகுளோபின் இறங்குவது பிறகுதான். பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருக்கும். தாவர உணவில் பி12 கிடையாது. பாலும் தயிரும் குறைவாகச் சேர்க்கும் சைவருக்கு வயது ஏறி வயிற்று அமிலமும் குறைந்தால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால், ஒருநாள் கால் மரத்துப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒரு நாள் விருந்தாலோ ஒரு நாள் பட்டினியாலோ இது நேர்வதில்லை. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வேளைச் சாப்பாடு, அதன் சராசரி, அதுதான் கணக்கு.

அந்தச் சராசரி இப்போது எப்படி இருக்கிறது? நாடு முழுக்க நடந்த ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. இந்தியப் பெரியவர்கள் சாப்பிடும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12 சதவீதத்தை ஒட்டித்தான். மாவுச்சத்தில் ஐந்து சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ வைத்துக் கணக்குப் பார்த்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மட்டும் மாற்றினால் அந்தப் பலன் தெரியவில்லை. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு இது. இதனால் இது என்று அடித்துச் சொல்ல உதவாது. என்றாலும் மூன்று தோசைக்குப் பதில் மூன்று கம்பு தோசை சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு? 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 100 கலோரி, அதாவது 25 கிராம் புரதம். 100 கிராம் அரிசியைக் குறைத்து 100 கிராம் பருப்பு போட்டால் புரதம் ஏறக்குறைய 14, 15 கிராம் கூடும். மீதிக்கு ஒரு முட்டையும் ஒரு டம்ளர் தயிரும் போதும். அதற்கு இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டு இப்படித்தான் இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் 300 மில்லி, கீரையோடு சேர்த்துக் காய் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது வழிகாட்டி.

தட்டு என்று ஒருமையில் சொல்லும்போது ஒரு வீட்டுக்கு ஒரே உணவு முறை என்று தோன்றிவிடும். ஒரே பானையிலிருந்து வந்தாலும் கடைசியில் சாப்பிடும் பெண்ணின் தட்டில் சோறு மிஞ்சியிருக்கும், பொரியல் மிஞ்சியிருக்காது, முட்டை எண்ணிப் போட்டதாக இருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதே மாநிலத்தில்தான் சர்க்கரை நோயும் உடல் பருமனும் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்திருப்பது மருத்துவர்களுக்கு இப்போது அபூர்வமல்ல. கலோரி மிச்சம், சத்து பற்றாக்குறை. மெக்காரிசன் காலத்தில் இந்தச் சேர்க்கை இவ்வளவு பரவலாக இருந்ததில்லை.

வழிகாட்டியின் தட்டில் தானியத்துக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நம் ரேஷன் கடையில் சாதாரண அரிசி அட்டைக்கு, வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து, மாதம் 12 முதல் 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. வெளிச்சந்தையில் அதே பருப்பு பல மடங்கு விலை. பசியைப் போக்கியதில் இந்த அரிசிக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. பல மாநிலங்கள் பருப்பையே கண்ணில் காட்டாதபோது இங்கே அது கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் விகிதம் குறைந்தபட்சம் பன்னிரண்டுக்கு ஒன்று. மீதிப் பருப்பைக் கடையில் வாங்க முடிந்தவர் வாங்குகிறார். முடியாதவர் ரசத்தோடு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறார்.